பிடி அரிசியும் பொதுப் பெட்டியும்

இந்த வாரம் கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயத்தைப் பேசப்போறேன். பணம். அதுலயும் நம்ம சபையை விட்டு வெளியே போற பணம். மிஷனரி ஊழியத்துக்காக எல்லாச் சபைகளும் சேர்ந்து பொதுவாகக் கொடுக்கிற காணிக்கையைப் பற்றித்தான் சொல்றேன்.

முதல்ல என் தவறைச் சொல்லிடறேன். பல வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு சபைக் கமிட்டியில் இருந்தேன். அந்த வருஷம் ஆலயத்துக்கு முன்மண்டபம் கட்டினோம். சிமெண்ட், கம்பி, கூலி எல்லாமே நினைச்சதுக்கு மேல போச்சு. கமிட்டியில் ஒருத்தர், "மிஷனரி பங்கை ஒரு ஆறு மாசம் நிறுத்தி வைப்போம், அப்புறம் சேர்த்து அனுப்பிடலாம்"னு சொன்னார். யாரும் மறுத்துப் பேசலை. நானும் கையைத் தூக்கினேன். "மத்த சபைங்க அனுப்புவாங்கதானே"ன்னு ஒரு சமாதானம்.

அடுத்த வருஷம் ஒரு கூட்டத்துக்குப் பணித்தளத்திலிருந்து ஒரு மிஷனரி குடும்பம் வந்திருந்தது. அந்த அம்மா குறை எதுவும் சொல்லலை. சாட்சி சொல்லும்போது சிரிச்சுக்கிட்டே, "ஒரு நாலஞ்சு மாசம் பாதிச் சம்பளம்தான் வந்தது. மளிகைக்கடையில கடன் ஏறிப்போச்சு. அந்தக் கடைக்காரர் கண்ணுல படக் கூடாதுன்னு பிள்ளைங்களைச் சுத்து வழியா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவேன்"ன்னாங்க. எந்த மாசங்கள்னு நான் விசாரிச்சேன். நாங்க முன்மண்டபம் கட்டின அதே மாசங்கள்!

அன்னைக்கு ரெண்டு பாடம் கத்துக்கிட்டேன். பொதுக் காணிக்கையின் பலவீனம் ஒண்ணு, பலம் ஒண்ணு. எல்லாரும் "மத்தவங்க கொடுப்பாங்க"ன்னு நினைச்சா பெட்டி காலி. அது பலவீனம். நாங்க நிறுத்தின மாசங்களிலும் அந்தக் குடும்பத்துக்குப் பாதிச் சம்பளமாவது போய்ச் சேர்ந்ததே, அது எப்படி? எங்களுக்குப் பேர்கூடத் தெரியாத ஏதோ சில சபைகள் விடாமல் அனுப்பியிருக்காங்க. அது பலம். அந்தக் குடும்பம் முழுசா விழாமல் தாங்கினது அவங்கதான்.

நம்ம முன்னோர்கள் இந்த வழியை எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு பார்ப்போம். 1902-ல் வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் போனார். வெள்ளாளன்விளையில் பிறந்தவர், அப்போ ஒய்.எம்.சி.ஏ. செயலாளர், வயசு முப்பதுகூட ஆகலை. அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தப் பணத்தில் கடலைத் தாண்டி இந்தியக் கரையில் ஊழியம் நடத்திக்கிட்டு இருந்தாங்க. அதைப் பார்த்ததும் அவருக்கு உறைச்சது. அவ்வளவு பெரிய திருநெல்வேலித் திருச்சபை, வெளியே தன் செலவில் ஒரு மிஷனரியை அனுப்பலையேன்னு.

ஊருக்குத் திரும்பினார். 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவானது. ஆட்கள் நம்மவர்கள், பணம் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது. இதுதான் அடிப்படை. அடுத்த வருஷமே நிஜாம் சமஸ்தானத்தில் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியம் போச்சு. தெரியாத ஊர், தெலுங்கு மொழி. 1909-ல் அசரியாவே குருப்பட்டம் பெற்று அங்கே மிஷனரியாகப் போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1945-ல் அவர் மரிக்கும்போது அந்தத் திருமண்டலத்தில் ரெண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விசுவாசிகள் இருந்தாங்க.

யோசிச்சுப் பாருங்க. இதுக்குப் பின்னால ஒரு பெரிய பணக்காரர் இல்லை. பனங்காட்டுச் சபைகளின் சின்னச் சின்னக் காணிக்கைகள்தான். கொடுத்தவங்கள்ல எத்தனை பேர் தோர்ணக்கல்லைக் கண்ணால பார்த்திருப்பாங்க?

இன்னொரு உதாரணம் மிசோரம். 1910-லிருந்து அங்கே பிடி அரிசிப் பழக்கம் இருக்கு. ஒவ்வொரு வேளையும் சோறாக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியா வைக்கிறாங்க. பெண்கள் அதை வீடு வீடாகச் சேகரிச்சு, விற்று, ஊழியத்துக்குக் கொடுக்கிறாங்க. இன்னைக்கு அது வருஷத்துக்குக் கோடிக்கணக்கான ரூபாயா சேருது. நம்ம பக்கமும் பிடி அரிசி தெரியாத வீடு இல்லை. நம்ம பாட்டிமார் அடுப்படியில் அதுக்குன்னே ஒரு கலயம் வச்சிருந்தாங்க. கலயம் எங்கே போச்சுன்னு தெரியலை. அரிசி இன்னும் நம்ம வீட்ல இருக்கு.

சரி, "பொதுவா ஏன் கொடுக்கணும்? எனக்குத் தெரிஞ்ச ஒரு ஊழியருக்கு நேரா கொடுத்துடறேனே"ன்னு சிலர் கேட்கலாம். கொடுங்க, அதுவும் நல்லதுதான். ஆனா நல்லாப் பேசத் தெரிஞ்ச, படம் எடுத்து அனுப்பத் தெரிஞ்ச ஊழியருக்குப் பணம் வந்துடும். மலைக்கு மேல, போன் சிக்னல்கூடக் கிடைக்காத இடத்தில் பத்து வருஷமா மொழி கத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவரை யாருக்குத் தெரியும்? பொதுப் பெட்டிதான் அவரைத் தேடிப் போகும்.

ஒரு கணக்கு போடுவோம். அறுபது குடும்பம் உள்ள ஒரு சின்னச் சபை. குடும்பத்துக்கு மாசம் நூறு ரூபாய்னா ஆறாயிரம். அதை வச்சு ஒரு மிஷனரி குடும்பத்தைத் தாங்க முடியாது. அதே மாதிரி நாலு சபை சேர்ந்தா இருபத்துநாலாயிரம். இப்போ ஒரு வீட்ல அடுப்பு எரியும். தனியா நின்னா "நம்மால ஆகாது"ன்னு சொல்ற சபை, சேர்ந்து நின்னா அனுப்புகிற சபையாகிடுது.

வேதத்திலும் இதே வழிதான். 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தைப் போய் வாசிச்சுப் பாருங்க. மக்கெதோனியா சபைகள் தாங்களே வறுமையில் இருந்தும், முகம் பார்க்காத எருசலேம் விசுவாசிகளுக்காக, வருந்திக் கேட்டுக் கொடுத்தாங்க. அதே அதிகாரத்தில் பவுல் பணத்தைத் தனி ஆளாக எடுத்துட்டுப் போகலை. சபைகள் நியமிச்ச ஆட்களைக் கூட வச்சுக்கிட்டார். யாரும் குறை சொல்லிடக் கூடாதுன்னு அவ்வளவு கவனம்.

அதனால, "பணம் எங்கே போகுதுன்னு தெரியலையே"ன்னு கேட்கிறவங்களை அவிசுவாசின்னு சொல்லாதீங்க. கேட்கட்டும். கமிட்டியில் இருக்கிறவங்க கணக்கை எழுதி ஆலயத்தில் ஒட்டுங்க. மிஷனரி கடிதம் வந்தா அறிவிப்போடு அறிவிப்பா ஓட்டிடாமல், நிறுத்தி வாசிங்க. அதே சமயம் கணக்கு கேட்கிறவங்களும் ஒரு விஷயம் யோசிக்கணும். கேள்வி கேட்டு முடிச்ச பிறகு கொடுக்கிறோமா? இல்லை, கொடுக்காமல் இருக்கத்தான் கேட்கிறோமா?

"நம்ம சபையிலேயே கஷ்டப்படுறவங்க இருக்காங்களே"ன்னும் சொல்வீங்க. உண்மை. அவங்களை விட்டுட்டு வெளியே கொடுக்கச் சொல்லலை. ஆனா எங்க கமிட்டியில் அன்னைக்கு மிஷனரி பங்கை நிறுத்தினது ஒரு விதவைக்குக் கொடுக்க இல்லை. முன்மண்டபத்துக்குத்தான்.

இந்த வாரம் மூணு காரியம் செய்வோம். வீட்ல எல்லாரும் உட்கார்ந்து மாசம் எவ்வளவுன்னு ஒரு தொகையை முடிவு பண்ணுங்க. சின்னதா இருந்தாலும் மாசம் தவறக் கூடாது. மளிகைக்கடை மாசாமாசம் வரும் இல்லையா? ரெண்டாவது, பிள்ளைங்க கையால அதைப் போடச் சொல்லுங்க. மூணாவது, நம்ம காணிக்கை போய்ச் சேருகிற ஒரு பணித்தளத்தின் பேரைத் தெரிஞ்சுக்கிட்டு, குடும்ப ஜெபத்தில் அந்தப் பேரைச் சொல்லுங்க.

அந்த முன்மண்டபம் இன்னும் அங்கேதான் இருக்கு. நல்லாத்தான் கட்டியிருக்கோம். ஆனா ஒவ்வொரு தடவை அதுக்குக் கீழே செருப்பைக் கழட்டும்போதும், சுத்து வழியா பள்ளிக்கூடம் போன அந்தப் பிள்ளைங்க ஞாபகம் வரும். உங்க சபையால யாரும் சுத்து வழியா போக வேண்டாம்.

கர்த்தர் உங்களையும் உங்க வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. அடுத்த வாரம் சந்திப்போம்.