கடல் ஒப்படைக்கும் நாள்

(ஜூபிலி நவநாளில் ஆற்றிய மறையுரையிலிருந்து)



1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. லூக்கா 21-ஆம் அதிகாரத்தில் கடலின் முழக்கத்தைப் பற்றி வாசித்திருக்கிற நாம், உலக முடிவு இதுதானோ என்று அஞ்சுவது இயல்பே. ஆனால் அந்த நாளும் வேளையும் தந்தை ஒருவருக்கே தெரியும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். தேதி குறித்துக்கொண்டு வருவோரை வாசலிலேயே அனுப்பிவிடலாம். அவர் முன்னறிவித்த எருசலேம் ஆலயத்தின் அழிவு கி.பி. 70-இல் நிறைவேறிற்று, எஞ்சியது தந்தையின் கையில்.

திருவெளிப்பாட்டில் நம் கடற்கரைக்கென்றே எழுதியதுபோல் இரண்டு இடங்கள் உண்டு. புதிய எருசலேமின் பன்னிரு வாயில்களும் பன்னிரு முத்துக்கள். 1961-இல் நடந்த முத்துக்குளிப்பே நம் கடலில் கடைசி. ஆயினும் மூச்சடக்கி ஒரு முத்தெடுக்கும் பாட்டை நம் முன்னோர் அறிவர். மற்றது 20-ஆம் அதிகாரம்: கடல் தன்னிடமுள்ள இறந்தோரை ஒப்படைக்கும் என்கிறார் புனித அருளப்பர்.

2017 ஒக்கி புயலின்போது குமரிக் கடற்கரையிலிருந்து தொழிலுக்குப் போனவர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்ற இடமில்லாத தாய்மார் நம் ஊர்களிலும் உண்டு. உலக முடிவை அச்சுறுத்தலாகவே கேட்டுப் பழகிய நாம், அவர்களுக்கு இந்த வசனத்தைத்தான் முதலில் வாசித்துக் காட்ட வேண்டும். ஆகவே இவ்வாண்டு நவம்பர் 2 அன்று கல்லறைகளை மந்திரித்தபின், பாடுபட்ட சுரூபத்தோடு கடற்கரைக்கும் செல்வோம்.