சமைத்தவரும் முதல் பந்தியில்

பங்குனி முடியப்போகிறது. வேப்பமரம் பூத்துவிட்டது, கடைகளில் கிளிமூக்கு மாங்காய் வந்துவிட்டது. ஏப்ரல் 14, சித்திரை ஒன்றாம் தேதி, இதோ நெருங்கிவிட்டது. அன்றைக்கு வீட்டாருக்கும் விருந்தாளிகளுக்கும் அலுப்பில்லாமல் ஒரு சாப்பாடு போடுவது எப்படி என்று பேசலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வீடுகளில் பண்டிகை நாளில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பிற்பகல் மூன்று மணிக்கு, ஆறிப்போன சாம்பாரோடு தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர் சமைத்தவர்தான். பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் மருமகள். இந்த வருஷம் அது வேண்டாம். சமைத்தவரும் முதல் பந்தியில் உட்கார வேண்டும். இதை முதலில் முடிவுசெய்யுங்கள். பிறகு அதற்கு ஒத்துவருகிற பண்டங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாம் வழக்கமாகப் பண்டங்களை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் நேரத்துக்கு அலைகிறோம்.

யாரைக் கூப்பிடுவது? நம் பொத்தேரியையே எடுத்துக்கொள்ளுங்கள்; ரயில் நிலையத்தை ஒட்டியே எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம். சுற்றிலும் ஹாஸ்டல், பி.ஜி., வாடகை அறைகள். ஆந்திரா, தெலங்கானா, கேரளா, வங்காளம், பீகார் என்று எங்கிருந்தெல்லாமோ வந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். தேர்வு நெருங்கும் நேரம். ஒரு நாள் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்ப முடியாது. அவர்களுக்கும் இது பண்டிகைக் காலம்தான். தெலுங்குப் பிள்ளைகளுக்கு யுகாதி கொஞ்சம் முன்னாலேயே வந்துபோயிருக்கும். மலையாளிகளுக்கு விஷு நம் வருஷப்பிறப்பன்றோ அதற்கு மறுநாளோ வரும். வங்காளிகளின் புத்தாண்டும் அதே வாரத்தில்தான். மேல்மாடியில் குடியிருக்கிற பிள்ளைகள் இருவர், எதிர்வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர், இவர்களை உங்கள் சொந்தங்களோடு சேர்த்துக்கொண்டால் பத்துப் பேர். பத்து இலைக்கே கணக்குப் போடுவோம்.

என்ன சமைப்பது? மாங்காய்ப் பச்சடி, மாங்காய் முருங்கைக்காய் சாம்பார், ரசம், புடலங்காய்ப் பொரியல், பருப்பு வடை, பாசிப்பருப்புப் பாயசம், அப்பளம், தயிர். அவ்வளவுதான். கூட்டு வேண்டாம், இரண்டாவது பொரியல் வேண்டாம், போளி வேண்டாம். ரசத்தையும் விட்டுவிடலாமா என்று நான் யோசித்ததுண்டு. ஆனால் ரசம் இல்லாத பண்டிகைச் சாப்பாட்டைப் பெரியவர்கள் ஏற்கமாட்டார்கள். சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்கும்போது மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை எடுத்துவைத்தால் ரசத்துக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. முருங்கைக்காய் இந்தப் பருவத்தில் தாராளமாகக் கிடைக்கும். மாங்காயே புளிப்பு தருவதால் சாம்பாருக்குப் புளி பாதி போதும். புடலங்காய் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். அதனால்தான் அதைச் சொன்னேன்.

பத்துப் பேருக்கு அரிசி ஒரு கிலோ. துவரம்பருப்பு 300 கிராம். சாம்பாருக்கும் அதிலேயே, சோற்றில் நெய்யோடு பிசைய வைக்கும் பருப்புக்கும் அதிலேயே. வடைக்குக் கடலைப்பருப்பு 300 கிராம் எடுத்தால் ஆளுக்கு இரண்டு வடை தாராளமாக வரும். பாயசத்துக்குப் பாசிப்பருப்பு 200 கிராம், வெல்லம் 350 கிராம், தேங்காய் இரண்டு.

பச்சடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வருஷப்பிறப்புச் சாப்பாட்டில் எதை விட்டாலும் இதை விடக்கூடாது. இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கசப்பு என்று ஆறு சுவையும் ஒரே கரண்டியில் வருவது இதில்தான். பெரிய மாங்காயாக இரண்டு. தோலை முழுக்கச் சீவிவிடாதீர்கள். துவர்ப்பு அந்தத் தோலில் இருக்கிறது. துண்டுகளை உப்பு, மஞ்சள்தூள் சேர்த்து வேகவிட்டு, மாங்காய் நன்றாக மசிந்த பிறகுதான் வெல்லம் போட வேண்டும். முன்னால் போட்டால் மாங்காய் விறைத்துக்கொண்டு வேகவே வேகாது. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், மண் இருக்கும். மாங்காயின் புளிப்பைப் பார்த்து 200 கிராமிலிருந்து 250 கிராம் வரை. கடைசியில் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டுங்கள்.

வேப்பம்பூவை மட்டும் தனியே வையுங்கள். விடியற்காலையில் மரத்தடியில் ஒரு வேட்டியை விரித்துவைத்தால் பூ தானாக உதிர்ந்து கிடக்கும். காம்பு நீக்கி நிழலில் காயவைத்து, இரண்டு ஸ்பூன் பூவை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்துக்கொள்ளுங்கள். இலையில் பச்சடி வைத்த பிறகு மேலே தூவினால் போதும். முதலிலேயே கலந்துவிட்டால் கசப்பு பச்சடி முழுக்க இறங்கிவிடும். முதல் தடவை சாப்பிடுகிற வெளியூர்ப் பிள்ளைகள் அப்புறம் தொடமாட்டார்கள். தெலுங்குப் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. அவர்களுடைய யுகாதிப் பச்சடியிலும் மாங்காய், வேப்பம்பூ, வெல்லம் எல்லாம் உண்டு. அது வேகவைக்காமல் புளித்தண்ணீரில் கலப்பது, அவ்வளவுதான் வித்தியாசம். அதை உங்கள் வீட்டில் அவர்கள் சொல்லக் கேட்பதே நல்ல பேச்சாக இருக்கும்.

பங்குனி கடைசி நாள் மாலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் மறுநாள் பாதி வேலை குறைந்துவிடும். பாசிப்பருப்பை வறுத்துக் குழைய வேகவைத்து, வெல்லப்பாகு சேர்த்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் அதைச் சூடாக்கி அடுப்பை அணைத்த பிறகு கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றினால் பாயசம் தயார். தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். புடலங்காயையும் அன்று மாலையே நறுக்கி வையுங்கள். பொரியலுக்குத் தேங்காய் துருவி ஃபிரிட்ஜில் வையுங்கள். வாழை இலையையும் அன்றே வாங்கி ஈரத்துணியில் சுற்றிவிடுங்கள். காலையில் போனால் கிழிந்த இலைதான் மிஞ்சும். தயிருக்கு உறை ஊற்றுவதை மட்டும் இரவு பத்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வெயில் காலத்தில் நாலைந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடுகிறது. சாயங்காலமே ஊற்றினால் காலைக்குள் புளித்துப்போகும். எழுந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

மறுநாள் காலை கனி பார்த்து, குளித்து, கும்பிட்டு, ஒன்பது மணிக்குக் கடலைப்பருப்பை ஊறப்போடுங்கள். ஒன்பதரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால் போதும். முதலில் பச்சடி, ஏனென்றால் அது ஆறித்தான் ருசிக்கும்; ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். குக்கரில் பருப்பு. பிறகு சாம்பார், ரசம், பொரியல். பன்னிரண்டு மணிக்குச் சோறு. வடைக்குத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, பன்னிரண்டேகாலுக்கு எண்ணெய் வைத்தால் பன்னிரண்டு நாற்பதுக்குள் வடையும் அப்பளமும் முடிந்துவிடும். ஒரு மணிக்கு இலை.

ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்து வருகிறவர்களுக்கு உடனே காபி கொடுக்காதீர்கள். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய் போட்ட பானகம் கொடுங்கள், இல்லாவிட்டால் நீர்மோர். வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சப்படுவார்கள். ஒருவரிடம் இலை துடைக்கச் சொல்லுங்கள், இன்னொருவரிடம் அப்பளம் பொரிக்கச் சொல்லுங்கள். "நீங்க விருந்தாளி, உட்காருங்க" என்று தடுப்பதைவிட அதுதான் அவர்களை வீட்டுப் பிள்ளையாக்கும்.

யார் பரிமாறுவது என்ற கேள்வியில்தான் சமைத்தவர் எப்போதும் மாட்டிக்கொள்கிறார். உட்காருவதற்கு முன்பே உப்பு, பச்சடி, பொரியல், வடை, அப்பளம், ஒரு கரண்டி பாயசம் எல்லாவற்றையும் இலையில் வைத்துவிடுங்கள். எதிரெதிராக இரண்டு வரிசை. நடுவில் சோறு, பருப்பு, நெய், சாம்பார், ரசம், தயிர். வேண்டியதை வேண்டியவர் எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்கும் போடட்டும். விருந்தாளிக்கு நின்று பரிமாறுவதுதான் மரியாதை என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த மரியாதையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிடும்போது, வந்த பிள்ளை கூச்சமில்லாமல் இரண்டாம் முறை சாம்பார் கேட்கும். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இது உடம்பு சம்பந்தப்பட்டது. சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சித்திரை வெயிலில் அதுகூட அதிகம். மூன்று மணிக்கு இன்னும் ஒருவர் வருவார் என்று தேங்காய்ப்பால் பாயசத்தை மேடையிலேயே வைத்திருக்காதீர்கள். அவருடைய பங்கைத் தனியே எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். வந்ததும் சூடாக்கிக் கொடுக்கலாம்.

வருஷப்பிறப்புக்கு மறுநாள் மீன் வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் இந்தத் தடை. கோவளம், மாமல்லபுரம் பக்கம் ஃபைபர் படகில் கரையோரம் பிடிக்கிற மீன் கிடைக்கும். கொஞ்சமாக வரும், விலையும் கூடும். அதனால் மறுநாளுக்கு மிச்சமான மாங்காய்ப் பச்சடியையும் தோசையையும் வைத்துக்கொள்ளுங்கள். பச்சடி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் கெடாது.

படிப்பு இருக்கிறது என்று வராமல் அறையிலேயே இருந்துவிட்ட பிள்ளைகளுக்கு வடையும் பச்சடியும் கொடுத்தனுப்பலாம். பாயசத்தை ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி, வாங்கிய உடனே சாப்பிடச் சொல்லி அனுப்புங்கள். டப்பாவைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பிள்ளை வரும்போது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கும் கூப்பிட்டுவிடுங்கள்.