டைட்டானியமும் ஈரமும்

எங்கள் பூலாம்பாடிப் பட்டறையில் வெல்டிங் கம்பிகளை வெயிலில் உலர்த்துவார்கள். ஏனென்று கேட்டேன். “ஈரமிருந்தால் ஒட்டு விரியும்” என்றார் கொல்லர். ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜனே எஃகைப் பிளக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் ஒளிந்துகிடக்கும் டைட்டானியமும், சூடேறினால் ஹைட்ரஜனை ஆவலுடன் உண்ணும். தர விதிகள் 0.015 விழுக்காட்டுக்கு மேல் இடந்தருவதில்லை. மிஞ்சினால் உள்ளே ஹைட்ரைடுத் தகடுகள் படிந்து, உலோகம் நொறுங்கத் தலைப்படும். ஆதலின் ஆர்கான் வாயுவின் காவலில், ஈரம் அணுகாமல் பற்றவைக்கிறார்கள்.

ஆனால் ஒரு விந்தை கேளுங்கள். 1966 அக்டோபரில் அமெரிக்காவில், அப்பல்லோ விண்கலத்தின் டைட்டானியத் தொட்டி அழுத்தச் சோதனையில் பிளந்தது. எரிபொருளுக்குப் பதிலாக அதில் நிரப்பியிருந்தது, சாதுவென்று எண்ணப்பட்ட மெத்தனால். அழுத்தத்தில் விறைத்து நின்ற உலோகத்தை அது அரித்து விரிசலாக்கிவிட்டது. அதில் ஓரிரு விழுக்காடு தண்ணீர் கலந்திருந்தால், உலோகத்தின் ஆக்ஸைடுப் போர்வை தன் கிழிசலைத் தானே தைத்துக்கொண்டிருக்கும்!