யார் சொல்லி மாறுகிறது ஆட்டம்?

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் பீங்கான் பட்டறை நடத்தியவர். வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு நாள் வெளியூரிலிருந்து யாராவது நல்லூருக்கு வந்து புதிதாக ஏதாவது பேசட்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் நினைவுக்கு என் வணக்கம். அழைத்த குழுவினருக்கும் தலைமையேற்றிருக்கும் முதல்வருக்கும், வெயிலைப் பாராமல் விருத்தாசலத்திலிருந்து பேருந்தேறி வந்திருக்கும் பீங்கான் தொழில்நுட்ப மாணவர்களுக்கும் நன்றி. அறிமுகவுரையில் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

இணையத்தில் பலர் கூடி ஆடும் விளையாட்டுகளை ஆடுபவர்களின் கருத்து எந்த அளவுக்கு மாற்றுகிறது? இந்தக் கேள்வியில் எனக்கும் என் துறைத் தோழர்களுக்கும் நெடுநாள் வழக்கு உண்டு. எதிர்க்கட்சிக்காரர்கள் இருவர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், சிரித்துக்கொண்டு. ஒருவர் இலக்கியப் பக்கத்திலிருந்து வந்தவர். ஆடுபவரே ஆட்டத்தின் இணை ஆசிரியர் என்பது அவர் கட்சி. இன்னொருவர் கணினிக்காரர். ஆடுபவர் வாயால் சொல்வதைக் கேட்காதே, விரலால் செய்வதைப் பார், எல்லாம் சர்வரில் பதிவாகிறது என்பார். இருவரும் கருத்தரங்குக்குக் கருத்தரங்கு மோதிக்கொள்கிறார்கள். எனக்கோ இருவரும் ஒரே தவற்றைச் செய்வதாகத் தோன்றுகிறது. நிறுவனம் எதைக் கேட்கிறது என்பதைப் பற்றியே பேசுகிறார்கள். அது யாருக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்பதில்லை.

இந்த ஊரில் ஓர் உவமை போதும். பொம்மை சூளையில் வெந்து வந்த பிறகு அதன் மூக்கைத் திருத்த முடியாது. இணைய விளையாட்டு சூளையே காணாத பச்சை மண். லட்சம் பேர் ஆடிக்கொண்டிருக்கும்போதே அதில் கை வைக்கலாம், வாரந்தோறும் வைக்கிறார்கள். அது யார் கை என்பதுதான் என் வழக்கு. நம் நாட்டில் அந்தக் கை பெரும்பாலும் ஆடாதவர்களுடையது என்று சொல்ல வந்திருக்கிறேன். சாட்சி, இங்குள்ள மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பப்ஜி.

இலக்கிய நண்பர் பப்ஜியின் பிறப்பைத்தான் எப்போதும் எடுத்துக்காட்டுவார். பிறப்பு அவர் பக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர் தொடக்கத்தில் விளையாட்டு நிறுவனம் எதிலும் வேலை பார்க்கவில்லை. புகைப்படம் எடுப்பதும் இணையப் பக்கம் வடிவமைப்பதும் அப்போது அவர் தொழில். ‘ஆர்மா 2’ என்ற போர் விளையாட்டைத் திருத்தி, ‘டேஇசட்’ என்று வேறோர் ஆட்டமாக ஆக்கியிருந்தார்கள். கிரீன் அந்தத் திருத்தத்தையும் திருத்தினார். பலரை ஒரே நிலத்தில் இறக்கிவிட்டு, கடைசியில் நிற்பவரே வென்றவர் என்று விதி வைத்தார். ‘பேட்டில் ராயல்’ என்ற ஜப்பானியத் திரைப்படம் அதற்குத் தூண்டுதல். தென்கொரியாவின் புளூஹோல் நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. 2017 மார்ச்சில், வேலை முடியாத நிலையிலேயே, ஆட்டம் விற்பனைக்கு வந்தது. ஆடுபவர்கள் குறை சொல்லச் சொல்லத் திருத்துவோம் என்பது ஏற்பாடு. டிசம்பரில் முழுப் பதிப்பு வந்தது.

பார்த்தீர்களா, ஆடியவனே ஆக்கினான் என்று நண்பர் இங்கே கைதட்டுவார். நானும் தட்டுகிறேன், ஆனால் ஒரு திருத்தத்தோடு. கிரீன் யாரிடமும் கருத்துச் சொல்லவில்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே போய்த் தானே செய்தார். ஆர்மா அதற்கு இடம் கொடுத்த ஆட்டம். அதன் பேரப்பிள்ளையான பப்ஜியை அப்படி யாரும் பிரித்துப் போட்டுத் தனக்கென்று வேறொன்று கட்டிக்கொள்ள முடியவில்லை. பணம் வந்ததும் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது.

பிறகு ஆடுபவர்கள் என்ன செய்தார்கள்? முழுப் பதிப்போடு மிராமார் என்ற பாலைவன நிலப்பரப்பு வந்தது. பலருக்குப் பிடிக்கவில்லை. எந்த நிலத்தில் ஆடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அப்போது இல்லை. கேட்டுப் பார்த்தார்கள். பலனில்லை என்றதும் சிலர் தங்கள் கணினியில் மிராமாருக்கான கோப்பையே அழித்துவிட்டார்கள். கோப்பு இல்லாவிட்டால் அந்த நிலத்துக்குள் போக முடியாது, வெளியே வந்து வேறு ஆட்டத்துக்கு முயலலாம். சில மாதங்களில், 2018 ஏப்ரலில், நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. கணினிக்கார நண்பர் இதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வார்: சொல்லியபோது நடக்கவில்லை, செய்தபோது நடந்தது. சரி. ஆனால் அந்தச் செயல் வெறும் தடயமாக இல்லை, வேலைநிறுத்தமாக இருந்தது. வேலைநிறுத்தத்தைப் புள்ளிவிவரம் என்று அழைத்தால் நிர்வாகத்துக்கு மகிழ்ச்சிதான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. பிழைகள், திணறும் சர்வர்கள், ஏமாற்று மென்பொருளோடு வருபவர்கள் என்று புகார் குவிந்திருந்தது. ‘பப்ஜியைச் சரிசெய்வோம்’ என்று நிறுவனமே ஓர் இயக்கம் அறிவித்தது. திருத்தப் போகும் குறைகளைப் பட்டியலிட்டு, முடிந்தவற்றை வெளிப்படையாகக் குறித்துக்கொண்டே வந்தது. நல்ல காரியம். ஆனால் அந்தப் புகார்கள் முந்தைய ஆண்டிலேயே இருந்தவை. இடையில் மாறியது வேறு. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 32 லட்சம் பேர் ஆடிய உச்சம் 2018 ஜனவரியில் வந்தது, அதன் பின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. 2017 செப்டம்பரில் அதே வகை ஆட்டத்தை ‘ஃபோர்ட்நைட்’ காசில்லாமல் கொடுக்கத் தொடங்கிவிட்டது. போவதற்கு வேறிடம் கிடைத்த பிறகுதான் ஆடுபவர்களின் சொல்லுக்கு எடை கூடியது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே பரவியது கணினிப் பதிப்பு அல்ல, சீனாவின் டென்சென்ட் உருவாக்கி 2018 மார்ச்சில் உலகெங்கும் வெளியிட்ட செல்பேசிப் பதிப்பு. காசில்லாமல் கிடைத்தது, மலிவான செல்பேசியிலும் ஓடியது, கூடவே டேட்டா விலையும் சரிந்திருந்தது. அடுத்து நடந்தவற்றைத் தேதி வரிசையில் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஆடுபவரைத் தேடுங்கள்.

2019 ஜனவரியில் பிரதமர் மாணவர்களோடும் பெற்றோரோடும் தேர்வு பற்றிப் பேசிய நிகழ்ச்சியில், மகன் எந்நேரமும் இணைய விளையாட்டில் இருக்கிறான் என்று ஒரு தாய் முறையிட்டார். பப்ஜிக்காரனா என்று பிரதமர் கேட்டதும் அரங்கமே சிரித்தது. மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் காவல்துறை அந்த ஆட்டத்துக்குத் தடை போட்டு, ஆடிய இளைஞர்களைக் கைதுகூடச் செய்தது. அதே மாதம் இந்தியாவில் பலருடைய திரையில், ஆறு மணி நேரம் ஆகிவிட்டது, பிறகு வாருங்கள் என்ற அறிவிப்பு தோன்றியது. எங்களை நிறுத்துங்கள் என்று எந்த ஆட்டக்காரர் கேட்டார்? சீன எல்லையில் கல்வான் மோதல் நடந்து சில வாரங்கள் கழித்து, 2020 செப்டம்பர் 2 அன்று, தடை செய்யப்பட்ட 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. கொரிய நிறுவனம் டென்சென்டிடமிருந்து இந்திய உரிமையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நவம்பரில் இந்தியாவுக்கென்று தனிப் பதிப்பு வரும் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பின் உள்ளடக்கம்தான் என் வழக்கில் முதல் ஆவணம். குண்டு பட்டால் சிவப்புக்குப் பதில் பச்சை தெறிக்கும். பாத்திரங்கள் தொடக்கத்திலேயே ஆடை அணிந்திருப்பார்கள். நடப்பது மெய்நிகர் பயிற்சிக்களம் என்று காட்டப்படும். இளையோருக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு.

பச்சை ரத்தம்! இதைக் கேட்ட ஆட்டக்காரர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. என் மாணவர்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அது அவர்களுக்காகப் பூசிய பச்சை அல்ல. அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்க்கும் தாய்க்காகவும், அந்தத் தாயின் முறையீட்டைக் கேட்கும் அமைச்சகத்துக்காகவும் பூசியது. ஆட்டத்தை ஒருநாளும் தொடாதவர்களின் கருத்து, ஆட்டத்தின் நிறத்தையே மாற்றியது. இணை ஆசிரியர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அந்தத் தாயைச் சொல்லுங்கள்.

2021 ஜூலை 2 அன்று ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் அது வந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோரின் தொலைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டும், நாளுக்கு மூன்று மணி நேரம்தான் ஆடலாம், 7,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது என்றெல்லாம் விதிகள். நாளுக்கு ஏழாயிரம்! அந்தத் தொகையைக் கட்டுப்பாடு என்று அழைத்தவர் எந்த ஊர்ப் பெற்றோரை மனத்தில் வைத்திருந்தார் என்பது தனி ஆய்வுக்குரியது. ஓராண்டு ஓடியது. 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து மீண்டும் காணாமல் போயிற்று. 2023 மே மாதம் மூன்று மாதச் சோதனை அனுமதியோடு திரும்பியபோது பெரியவர்களுக்கும் நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வரம்பு வந்திருந்தது.

ஆடுபவர்களின் பேச்சு ஒன்றுமே நடத்தவில்லையா? நடத்தியது. தடைக்குப் பின் அவர்களுடைய பெருங்கவலை, பழைய கணக்கில் காசு கொடுத்து வாங்கிய உடைகளும் துப்பாக்கி அலங்காரங்களும் என்ன ஆகும் என்பது. புதிய பதிப்பு அவற்றைக் கொண்டுவர வழி செய்தது. உடை விற்றுத்தான் அந்த ஆட்டம் பிழைக்கிறது. பழைய உடை தொலைந்தால் புது உடை யார் வாங்குவார்? ஏமாற்றுக்காரர்களின் கணக்குகளை முடக்கி எண்ணிக்கையை வெளியிட்டதும் அதே வகை. ஆடுபவரின் விருப்பமும் கல்லாப்பெட்டியும் ஒரே பக்கம் சாய்ந்தபோது காரியம் நடந்தது. எதிரெதிராக நின்றபோது ஆடுபவர் வென்றதாக இந்த வரலாற்றில் ஓரிடம் காட்டுங்கள் என்று முன்வரிசையைக் கேட்கிறேன். பதிலைத் தேநீர் இடைவேளையில் சொல்லலாம்.

வேறு நாட்டில் அப்படி ஓரிடம் உண்டு, மறைக்கவில்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேஜெக்ஸ் நடத்தும் ‘ரூன்ஸ்கேப்’. 2012 இறுதியில் அவர்கள் சண்டை முறையை அடியோடு மாற்றினார்கள். பழைய ஆட்டக்காரர்கள் வெளியேறத் தொடங்கினார்கள். நிறுவனத்திடம் 2007 ஆகஸ்ட் காலத்துப் பிரதி ஒன்று பத்திரமாக இருந்தது. அதை மீண்டும் திறக்கலாமா என்று 2013 பிப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏறத்தாழ நாலரை லட்சம் வாக்குகள் விழுந்தன, அந்த மாதமே பழைய ஆட்டம் திறந்தது. அதைவிட முக்கியமானது அடுத்து வந்த விதி. புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் ஆடுபவர்களிடம் வாக்குக்கு விட வேண்டும், 75 விழுக்காடு ஆதரவு வேண்டும். பின்னாளில் அது 70 ஆயிற்று. நிறுவனம் ஆசையாகக் கொண்டுவந்த புதிய திறன்கள் இதனால் விழுந்தன. 2019இல் ‘வார்டிங்’ பாதிக்கு மேல் வாக்கு வாங்கியும் தோற்றது. கடலோடும் திறன் 2015இல் தோற்று, 2023இல் வென்று, 2025 நவம்பரில்தான் ஆட்டத்துக்குள் வந்தது. வேண்டாம் என்ற சொல்லுக்குக் கட்டுப்படும் நிறுவனம் என்றால் இதுதான். குறையும் உண்டு. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கக்கூடிய ஆபத்துப் பகுதிக்குள் கால் வைக்காத பெரும்பான்மை, அங்கே ஆடும் சிறுபான்மைக்கான திட்டங்களை எரிச்சலில் வாக்களித்துக் கவிழ்ப்பதாக நீண்ட காலப் புகார். வாக்குரிமை இருக்கும் இடத்தில் வரும் வியாதி. நமக்கு இன்னும் அந்த வியாதி வரும் பாக்கியம் கிட்டவில்லை.

ஐஸ்லாந்தின் ‘ஈவ் ஆன்லைன்’ பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்தேன். 2008 முதல் ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம் அங்கே உண்டு. 2011இல் விலையுயர்ந்த அலங்காரப் பொருள்களால் கலகம் மூண்டபோது அந்த மன்றத்தை அவசரமாக ரெய்க்யவிக்குக்கு அழைத்துப் பேசினார்கள், நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்பும் கேட்டார். அந்த மன்றத்துக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டு நகர்கிறேன்.

தமிழ்நாட்டுச் சட்டங்கள் தனிச் சொற்பொழிவுக்குரியவை. பணம் வைத்து ஆடும் ரம்மி முதலியவை பற்றி 2022இல் நீதிபதி சந்துரு குழு அறிக்கை தந்தது. அரசு பொதுமக்கள், பெற்றோர், ஆசிரியர், மாணவர், நிறுவனங்கள் என்று பலரிடமும் கருத்துக் கேட்டது. சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றிய பிறகு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2025 விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டத்தை மூடின, ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின. சென்னை உயர்நீதிமன்றம் அவற்றை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய ஒன்றிய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை முழுக்கத் தடை செய்தது. அந்தக் கட்டுப்பாடுகளை நான் குறை சொல்லவில்லை, பல வீடுகளில் உயிர் போயிருக்கிறது. ஆட்டத்தின் கடிகாரத்தைத் திருப்பியவர் யார் என்பதே என் கேள்வி, அதற்கு விடை கிடைத்துவிட்டது.

மணி அடித்துவிட்டார்கள். எஞ்சியவற்றை இளைய ஆய்வாளர்களுக்கு விடுகிறேன். இந்தியப் பதிப்பின் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் வெளியான அறிவிப்புகளைத் திரட்டி, எது ஆடுபவர் கேட்டது, எது ஆடாதவர் கேட்டது என்று பிரித்துக் காட்டலாம். செயலிக் கடைகளில் தமிழில் எழுதப்படும் மதிப்புரைகளை யாராவது தொகுக்க வேண்டும். அவற்றை நிறுவனங்கள் படிக்கின்றனவா என்பது அதற்கடுத்த வேலை. பெண்கள் ஆடும்போது மைக்கை அணைத்து வைப்பதைப் பற்றி நான் எதுவும் படித்ததில்லை, இருந்தால் அனுப்புங்கள். செல்பேசி ஆட்டமான ‘லூடோ கிங்’ உருட்டும் தாயக்கட்டையின் மேல் மக்களுக்குள்ள சந்தேகமும் நல்ல பொருள். பெற்றோரின் எண் என்று பிள்ளைகள் உண்மையில் யாருடைய எண்ணைக் கொடுக்கிறார்கள் என்பதை விருத்தாசலத்தில் ஒரே ஒரு பள்ளியில் விசாரித்தாலும் போதும், ஒரு கட்டுரை தேறும்.