சருகைக் கொளுத்தாதீர்கள்
(தளவாய்புரம் உழவர்களுக்கான உரை)



தளவாய்புரத்துக்கு மேற்கே தெரியும் மலைக்காட்டு மரங்களுக்கு யாரும் யூரியா இடுவதில்லை. எரு அடிப்பதும் இல்லை. ஆனாலும் அவை ஆண்டுதோறும் தழைக்கின்றன. தரையில் கிடக்கும் சருகே அவற்றின் உரக்கிடங்கு.

அந்தச் சருகைக் கிளறினால் மேலே காய்ந்த இலை முழுதாக இருக்கும். அடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை. அதற்கும் கீழே பொலபொலவென்று கறுத்த மட்கு. மரவட்டையும் கறையானும் மண்புழுவும் இலையைத் தின்று பொடியாக்குகின்றன. வெள்ளை நூல்போல் படரும் பூசணம் அதை மட்கச் செய்கிறது. வேறு சில பூசணங்கள் வேரோடு கூடி வாழ்ந்து, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தை மரத்துக்குக் கொண்டுவந்து தருகின்றன. கூலியாக மரத்திடம் சர்க்கரை பெறுகின்றன.

ஐப்பசி, கார்த்திகை மழையைச் சருகு தாங்கிக்கொள்வதால் நீர் மெல்ல மண்ணில் இறங்குகிறது. மழை நின்ற பிறகும் ஓடையில் கசிகிறது. கோடையில் தரைத்தீ ஓடினால் பெரிய மரங்கள் பிழைக்கலாம். சருகும் விதையும் கன்றும் பிழைக்கா. அடுத்த மழையில் மண் கரைந்து வந்து கண்மாயைத் தூர்க்கும். இம்மலை 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே சருகு அள்ளவும் கூடாது, தீ வைக்கவும் கூடாது.

நம் தோப்புகளில் என்ன நடக்கிறது? மாவிலையையும் தென்னை மட்டையையும் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறோம். தழைச்சத்தும் கந்தகச்சத்தும் பெரும்பாலும் புகையோடு போய்விடுகின்றன. மிஞ்சும் சாம்பல் சத்தையும் மழை அடித்துச் செல்கிறது. பெருக்கி வைத்த தோப்பைப் பார்ப்பவர் மெச்சலாம், மரம் மெச்சாது.

தென்னையைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு, 10 செ.மீ. உயரம் ஓலையைப் பரப்புங்கள். மாமரத்தடியில் சருகை அடிமரத்தைத் தொடாமல் பரப்பி, சாணிக் கரைசல் தெளியுங்கள். காய்ந்த சருகை மட்டும் மண்ணில் புதைத்து உழ வேண்டாம். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். பயிர் கொஞ்ச காலம் வெளுத்து நிற்கும்.

விழுந்ததெல்லாம் கிடக்கட்டும் என்றும் விட்டுவிடாதீர்கள். அழுகிய மாங்கனியில் பழ ஈயின் புழு இருக்கும்; அப்புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். அத்தகைய கனிகளைப் பொறுக்கி அழித்துவிடுங்கள். பட்ட தென்னையைத் துண்டாக்கி அப்புறப்படுத்துங்கள். காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். எருக்குழியிலும் இடும். குழியைக் கிளறி, அகப்படும் வெள்ளைப் புழுக்களைக் கோழிக்குப் போடுங்கள்.