மின்னஞ்சல் முகவரியும் ஓர் அமானிதமே
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரவு செலவும் கட்டட வேலையும் பேசப்பட்ட இந்த அவையில் நாம் மின்னஞ்சலைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். இது இளைஞர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று பெரியோர்கள் எண்ணிவிடலாகாது. ஜமாஅத்தின் சொத்தும் மானமும் இதில் அடங்கியிருக்கின்றன.

அக்காலத்தில் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ‘செயலாளர், பள்ளிவாசல் ஜமாஅத்’ என்று முகவரியிட்ட கடிதம் பள்ளிவாசலுக்கே வந்து சேர்ந்தது. செயலாளர்கள் மாறினார்கள், தபால்காரர் வரும் வழி மாறவில்லை. மின்னஞ்சல் வந்தபோது இந்த ஒழுங்கை நாம் தவறவிட்டோம். அன்றைய பொறுப்பாளர் ஒருவர், நல்லெண்ணத்துடன், தம் பெயரிலும் தம் கைபேசி எண்ணிலும் ஒரு கணக்கைத் திறந்தார். பதவிக்காலம் முடிந்ததும் கப்பல் வேலைக்குச் சென்றுவிட்டார். கைபேசி எண்ணும் காலாவதியாயிற்று.

2025 ஜூன் 6 அன்று மத்திய அரசு வக்ஃபு சொத்துகளுக்கான ‘உமீத்’ இணையதளத்தைத் தொடங்கி, விவரங்களைப் பதிய ஆறு மாத அவகாசம் அளித்தது. முத்தவல்லி தம் கைபேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்து, ஓ.டி.பி. மூலம் உறுதி செய்தே உள்ளே செல்ல வேண்டும். பத்திர நகல்களையும் வாரியத்துக்கு எழுதிய கடிதங்களையும் நாம் தேடினோம். அவை யாவும் அந்தப் பழைய கணக்கில் பூட்டிக் கிடந்தன. கடவுச்சொல் எவருக்கும் தெரியாது. ஒன்பது நாள் அலைச்சலுக்குப் பின், அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் கரையிறங்கிய அச்சகோதரர் தொலைபேசியில் கிடைத்தார். அவருடைய மடிக்கணினியில் கணக்கு திறந்தே இருந்ததால் பிழைத்தோம். அவர்மீது குறையில்லை. பதவியோடு முகவரியையும் ஒப்படைக்கச் சொல்லாத நம்மீதே குறை.

பதவிக்கு ஒரு முகவரி

மத்திய அரசு 2015-ஆம் ஆண்டு அரசிதழில் வெளியிட்ட மின்னஞ்சல் கொள்கை இதற்கு நல்ல முன்மாதிரி. அலுவலருக்குப் பெயரில் ஒன்று, பதவியில் ஒன்று என இரு முகவரிகள். பொதுமக்களோடு தொடர்புடையவர்களுக்குப் பதவி முகவரியை அது பரிந்துரைத்தது. அரசு அஞ்சலைத் தனியார் கணக்குக்குத் திருப்பிவிடக் கூடாது என்றும் அக்கொள்கை கூறியது.

இன்னொரு பாடமும் உண்டு. ஏறத்தாழ 12 இலட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் சேவை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025-இல் செய்தி வந்தது. சேவை தருபவர் மாறினாலும் முகவரிகள் மாறவில்லை. காரணம், டொமைன் எனப்படும் இணையப் பெயர் அரசுக்குச் சொந்தமானது. அதுபோல் நமக்கென ஓர் இணையப் பெயரை ஜமாஅத்தின் பெயரிலேயே பதிவு செய்து, ஆண்டுக் கட்டணத்தைப் பொருளாளர் தவறாது செலுத்தி வர வேண்டும். கட்டணம் தவறினால் அப்பெயரைப் பிறர் வாங்கிக்கொள்ள இடமாகும்.

எதை வெளியிடுவது, எதைக் காப்பது?

அறிவிப்புப் பலகையிலும் இம்மலரிலும் வர வேண்டியவை செயலாளர், பொருளாளர், பைத்துல்மால் ஆகிய பொறுப்புகளின் முகவரிகள் மட்டுமே. உறுப்பினர் குடும்பங்களின் பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண் அடங்கிய பட்டியல் நிர்வாகத்தின் கையில் இருக்க வேண்டும். ஊர் கையில் அன்று. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் இயற்றப்பட்ட சட்டமும் ஒப்புதலை முக்கிய அடிப்படையாக வைக்கிறது. பைத்துல்மால் உதவி பெறுவோரின் பெயர்களை நாம் எவ்வளவு மறைவாக வைக்கிறோமோ, அவ்வளவு கவனம் இப்பட்டியலுக்கும் வேண்டும். எல்லோருக்கும் அனுப்பும் அறிவிப்பில் முகவரிகளை பி.சி.சி. கட்டத்தில் இட்டால், ஒருவர் முகவரி மற்றவர் கண்ணில் படாது.

வெளியிட்ட முகவரி உறுதியாக இருந்தால்தான் போலியை அடையாளம் காண முடியும். ரமலானில் ஜகாத் கேட்டு நம் பெயரில் ஒரு கடிதம் வந்தால், ‘இது பலகையில் உள்ள முகவரியிலிருந்து வந்ததா?’ என்று உறுப்பினர் ஒப்பிட்டுப் பார்க்க வழியிருக்க வேண்டும்.

தொலைவில் இருப்போர்க்கு

நம் மஹல்லாவில் துறைமுகத்திலும் கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் உழைப்போர் பலர். அவர்கள் நிர்வாகத்தில் இருந்தால் அங்கிருந்தே கடிதங்களைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காகக் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்புவது, பள்ளிவாசல் சாவியைத் தெருவில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். ஜிமெயில் போன்ற சேவைகளில், கடவுச்சொல்லைச் சொல்லாமலே மற்றொருவர் தம் கணக்கிலிருந்து படிக்கவும் பதிலளிக்கவும் அனுமதி தரும் வசதி உண்டு. வேண்டாதபோது அந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம்.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்குக் குறுஞ்செய்தியை மட்டும் நம்பினால், நடுக்கடலில் சிக்னல் இல்லாதபோது வழியடைபடும். அதற்கான ‘ஆதென்டிகேட்டர்’ செயலி, இணைப்பு இல்லாதபோதும் எண்ணைக் காட்டும். அவசரத்துக்கென கூகுள் தரும் பத்து மாற்று எண்களை அச்சிட்டு, உறையிலிட்டு முத்திரை வைத்து, ஜமாஅத் பீரோவில் பத்திரங்களோடு வைக்கலாம். இரண்டாண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கி வருகிறது என்பதையும் மறவாதீர்கள்.

எமது வேண்டுகோள்

புதிய நிர்வாகம் பொறுப்பேற்கும் நாளில் சாவிக்கொத்து, தஃப்தர், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு மின்னஞ்சல் கணக்குகளும் ஒப்படைக்கப்பட வேண்டும். அன்றே கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் மாற்றப்பட வேண்டும். விலகியவர்களின் அனுமதி நீக்கப்பட வேண்டும். இருவர் கையொப்பமிட்டு அதைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். இதனை இப்பொதுக்குழு தீர்மானமாக நிறைவேற்றித் தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

நாளை நம் இடத்தில் அமரப்போகும் பிள்ளைகள் ஓர் ஆவணத்தைத் தேடி ஒன்பது நாள் அலையக் கூடாது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் குறைவின்றித் திருப்பி ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.