முகம் வரையப்படாத வாப்பா



ஒரு சிறுவனையும் அவன் வளர்த்த பறவையையும் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

மதீனாவில் அனஸ் (ரழி) அவர்களுக்குச் சின்னத் தம்பி ஒருவர் இருந்தார். அபூ உமைர் என அவரை அழைப்பார்கள். அவர் 'நுகைர்' எனும் சிறு பறவையொன்றை வைத்து விளையாடி வந்தார். ஒரு நாள் அது இறந்துவிட்டது. அவ்வீட்டுக்கு வந்த நபி (ஸல்) அவர்கள், சிறுவனின் வாடிய முகத்தைக் கண்டு காரணத்தைக் கேட்டறிந்தார்கள். பின்னர், உமைர், நுகைர் எனும் இரு சொற்களும் ஓசை ஒத்து வருமாறு அவரைச் செல்லமாக அழைத்து, பறவைக்கு என்ன நேர்ந்தது என்று விசாரித்தார்கள். புகாரி, முஸ்லிம், அபூதாவூத் முதலான ஹதீஸ் கிரந்தங்களில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். ஒரு சமுதாயத்தையே வழிநடாத்தும் பொறுப்பைச் சுமந்தவர்களுக்கு, ஒரு குருவியின் மரணத்தை விசாரிக்க நேரம் இருந்தது. நமக்கு இருக்கின்றதா?

வாப்பா கடையை அடைத்துவிட்டு, இஷாத் தொழுகையின் பின் வீடு வருகின்றார். பாடசாலையில் வரைந்த படத்தைத் தூக்கிக்கொண்டு மகள் ஓடி வருகின்றாள். கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பிறகு பார்ப்போம் மகள்" என்கின்றார். அவள் படத்தை மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்துவிடுகின்றாள். அடுத்த வாரமும் அவள் படம் வரைவாள். ஆனால் காட்ட வரமாட்டாள். அவள் வளர்ந்த பின்னர், "பிள்ளை என்னிடம் எதையும் சொல்வதில்லையே" என்று அதே வாப்பா கவலைப்படுவார்.

இது பிறர் வீட்டுக் கதையன்று. படத்தை மடித்து வைத்தவள் என் மகள்தான். மறுநாள் அதை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். உம்மாவுக்குச் சிரித்த முகம், தம்பிக்குச் சிரித்த முகம். வாப்பாவுக்கோ தலைமுடி மட்டுமே இருந்தது. "முகம் எங்கே மகள்?" என்றேன். "நீங்கள் எந்நேரமும் குனிந்துகொண்டுதானே இருக்கிறீர்கள் வாப்பா" என்றாள். வீட்டார் அனைவரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆயினும் அந்தப் பதில் இன்னும் என் நெஞ்சில் தைத்திருக்கின்றது.

பிள்ளைகளோடு கொஞ்சிப் பேசினால் மரியாதை குறைந்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர். பேரர் ஹஸன் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முத்தமிட்டபோது, அருகிலிருந்த அக்ரஃ இப்னு ஹாபிஸ் (ரழி), தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் தாம் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்பதே அவருக்குக் கிடைத்த பதிலாகும்.

நகைச்சுவையும் அவ்வாறே. ஏறிச் செல்ல ஒட்டகம் கேட்டு வந்த ஒருவரிடம், ஒட்டகக் குட்டியொன்றைத் தருவதாக நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். குட்டியை வைத்து என்ன செய்வேன் என அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் இன்னோர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள். அந்த வேடிக்கையில் பொய்யும் இல்லை. எவருடைய மனமும் புண்படவும் இல்லை.

இளைஞர்களே, இவ்வளவுகோலை நீங்களும் கையில் எடுங்கள். நண்பனின் உடலையும் பேச்சையும் ஏழ்மையையும் கேலி செய்து கூட்டமாகச் சிரிப்பது நகைச்சுவையன்று. ஒரு சமூகம் மற்றொரு சமூகத்தைப் பரிகசிப்பதை ஸூரா ஹுஜுராத் தடுக்கின்றது. உங்கள் வேடிக்கையைக் கேட்டு, அதற்கு இலக்கானவரும் சேர்ந்து சிரிக்கின்றாரா என்று பாருங்கள். வீட்டில் உம்மா ஆக்கிய கறி நன்றாயிருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மூத்தம்மா நூறாவது தடவையாகச் சொல்லும் கதையை, முதற்தடவை கேட்பது போல் கேளுங்கள்.

பெற்றோர்களே, இன்றிரவு வீடு திரும்பியதும் தொலைபேசியை அலுமாரியில் வைத்துவிட்டு, பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பரீட்சைப் புள்ளியைப் பற்றியதாக அது இருக்க வேண்டாம். அதன் பூனையைப் பற்றியோ பட்டத்தைப் பற்றியோ இருக்கட்டும். பதில் வரும்வரை நிமிர்ந்தே இருங்கள்.

நம் பிள்ளைகள் வரையும் படங்களில் நமக்கும் முகம் இருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! வஸ்ஸலாம்.